தூக்குவது, எறிவது, நிறுத்துவது: கதை நாயகர்களின் அசுர பலத்தைக் கணக்குப் போடுவது எப்படி?

கதையில் ஒருவன் காரைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தபடி நிற்கிறான். இன்னொருவன் அதே மாதிரிக் காரை நூறு மீட்டர் தூரம் வீசி எறிகிறான். யாருக்குப் பலம் அதிகம் என்றால் எறிந்தவனுக்கு என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். எத்தனை மடங்கு அதிகம் என்று கேட்டால்தான் இழுபறி ஆரம்பிக்கும். விடை ஏறக்குறைய 33 மடங்கு. பள்ளிக்கூட இயற்பியலும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம்.

காமிக்ஸ், நாவல், திரைப்படம், வீடியோ கேம் என்று எதில் வந்தாலும் சரி, அசுர பலத்தை எண்ணாக மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும், அப்படி ஒரு பாத்திரத்தைத் தாங்களே எழுத நினைப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. மனித உடம்பின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2016-இல் எடி ஹால் தரையிலிருந்து 500 கிலோவைத் தூக்கி நிமிர்ந்தார். 1993-இல் ஹவியர் சோட்டோமயோர் 2.45 மீட்டர் உயரம் தாண்டினார். 2009-இல் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசைன் போல்ட்டின் உச்ச வேகம் விநாடிக்கு 12 மீட்டருக்குச் சற்று மேல். இதைத் தாண்டினால்தான் நமக்கு வேலை.

படி 1: கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். காட்சியில் நடந்தது, கதைசொல்லி சொன்னது, பாத்திரம் தானே பீற்றிக்கொண்டது. கணக்குக்கு முதல் பத்திதான் ஆதாரம். இரண்டாவதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதை அடித்துவிடுங்கள். "இந்த மலையையே பெயர்த்து எறிவேன்" என்று வில்லன் கத்தினால் அதில் அளக்க ஒன்றுமில்லை.

பிறகு, எல்லோரும் தவறவிடுகிற விவரங்களைத் தேடுங்கள். கை எவ்வளவு தூரம் அசைந்தது? கால் எங்கே ஊன்றியிருந்தது? தரை விரிசல் விட்டதா? அவன் திணறினானா, சிரித்துக்கொண்டே செய்தானா? காரின் அளவைவிட இந்தக் கேள்விகளுக்கு மதிப்பு அதிகம். ஏன் என்பது நான்காம் படியில் தெரியும்.

படி 2: எந்த அளவு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பலம் என்று ஒரே ஓர் எண் கிடையாது. விவாதங்களில் பாதி இந்த ஒரு குழப்பத்தால்தான் நீளுகிறது. அசையாமல் தாங்கிப் பிடிப்பது விசையின் கணக்கு, நியூட்டனில். ஒரு பொருளை உயர்த்துவது, எறிவது, உடைப்பது எல்லாம் ஆற்றலின் கணக்கு, ஜூலில். அதை எவ்வளவு விரைவாகச் செய்தான் என்பது திறன், வாட்டில். ஓடிவரும் ஒன்றை நிறுத்தினாலோ ஒருவரைத் தள்ளிவிட்டாலோ உந்தமும் (நிறை × வேகம்) சேர்ந்துகொள்ளும்.

ஆற்றலை டி.என்.டி. என்ற வெடிமருந்தின் அளவில் சொல்வது ரசிகர்களுக்குப் பிடித்த பழக்கம். ஒரு கிராம் டி.என்.டி. என்பது 4,184 ஜூல் என வரையறுத்திருக்கிறார்கள். அது ஒரு கிலோகலோரிக்குச் சமம். வெடிமருந்தின் பயங்கரம் அது ஆற்றலை வெளியிடும் வேகத்தில்தான் இருக்கிறது. எனவே "இத்தனை கிலோ டி.என்.டி.க்குச் சமமான குத்து" என்று படித்தால் உடனே மிரண்டுவிட வேண்டாம்.

படி 3: நீளம், நேரம், நிறை

நீளத்துக்குக் காட்சியிலேயே அளவுகோல் தேடுங்கள். வளர்ந்த ஆள் சுமார் 1.7 மீட்டர், கதவு 2 மீட்டருக்குச் சற்று மேல், சாதாரணக் கார் 4 முதல் 4.5 மீட்டர் நீளம், கட்டடத்தின் ஒரு மாடி 3 மீட்டர். அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். முன்னால் நிற்கும் ஆளை வைத்துப் பின்னால் உள்ள கோபுரத்தை அளந்தால் கோபுரம் குட்டியாகிவிடும். காமிக்ஸில் கட்டத்துக்குக் கட்டம் அளவு மாறும். அங்கே இரண்டு மூன்று கட்டங்களை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

நேரத்துக்கு, திரைப்படம் என்றால் பிரேம்களை எண்ணலாம். பெரும்பாலும் விநாடிக்கு 24 பிரேம். ஆனால் சண்டைக் காட்சிகளில் ஸ்லோ மோஷன் இல்லாமல் இருக்காதே? அதற்கும் வழி உண்டு. அதே ஷாட்டில் ஏதாவது கீழே விழுகிறதா என்று பாருங்கள். ஒரு கல்லோ தொப்பியோ கண்ணாடிச் சில்லோ போதும். விழும் தூரம் = 4.9 × நேரத்தின் வர்க்கம். ஒரு மீட்டர் விழ 0.45 விநாடி ஆக வேண்டும். திரையில் 1.8 விநாடி ஆனால் காட்சி நான்கு மடங்கு மெதுவாக்கப்பட்டிருக்கிறது. தொப்பியைவிடக் கல் நம்பகமானது. தொப்பியைக் காற்று தாங்கிப் பிடிக்கும்.

நிறையைக் கணிக்கும்போது கனஅளவை அடர்த்தியால் பெருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ, கான்கிரீட் சுமார் 2,400, கருங்கல் 2,700, எஃகு 7,850. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மனிதன் செய்த பெரிய பொருள்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம்தான். கட்டடத்தைக் கெட்டிக் கான்கிரீட் என்று எடுத்துக்கொண்டால் விடை பத்து மடங்குவரை பிசகும். தளப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் என்று வைத்துக்கொள்வது கான்கிரீட் கட்டடங்களுக்குப் பரவாயில்லாத தோராயம். கப்பலுக்கு இன்னும் சுலபம்: அது மிதக்கிறது என்பதால், தண்ணீருக்குக் கீழே இருக்கும் பகுதியின் கனஅளவுக்குச் சமமான தண்ணீரின் நிறைதான் கப்பலின் நிறை.

படி 4: நீண்ட தூரம், குட்டித் தூரம்

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் காட்சிகளுக்குச் சூத்திரமே தேவைப்படாது. பலம் காட்டும் காட்சிகளில் பெரும்பாலும் இரண்டு தூரங்கள் இருக்கும். ஒன்று நீண்டது: பொருள் பறந்த தூரம், ஆள் தாண்டிய உயரம், விழுந்த ஆழம். இன்னொன்று குட்டி: அந்த ஆற்றலைக் கொடுக்கவோ வாங்கவோ கிடைத்த இடம். நீண்டதைக் குட்டியால் வகுத்தால் (எறிதல் என்றால் நீண்டதில் பாதியை) எடையைப் போல எத்தனை மடங்கு விசை வேண்டும் என்று வந்துவிடும்.

எறிந்த காரையே எடுத்துக்கொள்வோம். நிறை 1,300 கிலோ. அதைத் தாங்கிப் பிடிக்க 1,300 × 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்), அதாவது ஏறக்குறைய 12,700 நியூட்டன் போதும். எறியும்போது 45 பாகைக் கோணத்தில் போனது என்று வைத்துக்கொண்டால், வேகத்தின் வர்க்கம் = 9.8 × தூரம். நூறு மீட்டருக்கு வேகம் விநாடிக்கு 31 மீட்டர். இயக்க ஆற்றல் சுமார் 6,37,000 ஜூல், 152 கிராம் டி.என்.டி. இந்த ஆற்றல் முழுவதையும் கை வீசும் 1.5 மீட்டருக்குள் கொடுத்தாக வேண்டும். வகுத்தால் 4,25,000 நியூட்டன். தொடக்கத்தில் சொன்ன 33 மடங்கு இதுதான். சுருக்கு வழி: எறிந்த தூரத்தைக் கை வீச்சின் இரட்டிப்பால் வகுங்கள். 100 வகுத்தல் 3. காரின் நிறையே தேவைப்படவில்லை பாருங்கள்.

அவன் ஓர் அடி எடுத்து வைத்து, உடம்பைச் சுழற்றி, மூன்று மீட்டர் தூரத்துக்கு உந்தித் தள்ளியிருந்தால் இந்த எண் பாதியாகிவிடும். கை அசைந்த தூரத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னது அதனால்தான்.

அடுத்து, தாவல். 80 கிலோ ஆள் நின்ற இடத்திலிருந்து இருபது மாடி, அதாவது 60 மீட்டர், தாவுகிறான். குந்தி எழும் தூரம் அரை மீட்டர். விகிதம் 120. கால்கள் அவன் எடையைப் போல 120 மடங்குக்கு மேல், சுமார் 95,000 நியூட்டன் தள்ள வேண்டும். கிளம்பும் வேகம் விநாடிக்கு 34 மீட்டர். ஆற்றல் எவ்வளவு தெரியுமா? 47,000 ஜூல். வெறும் 11 கிலோகலோரி! மாடிப்படி ஏறிப் போகிறவரும் அதே அளவு ஆற்றலைத்தான் புவியீர்ப்புக்கு எதிராகச் செலவிடுகிறார். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. நாயகன் அதை 0.03 விநாடிக்குள் முடிக்கிறான், எனவே திறன் 16 லட்சம் வாட். அசுர பலம் கொண்டவர்கள் நிறையச் சாப்பிட வேண்டுமே என்று சிலர் கவலைப்படுவார்கள். தாவலைப் பொறுத்தவரை தேவையில்லை.

இதே விகிதம் மீட்புக் காட்சியில் கொடூரமாக வேலை செய்யும். நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பெண்ணை நாயகன் கீழே நின்று கையில் ஏந்துகிறான். கை அரை மீட்டர் தாழ்கிறது. 100 வகுத்தல் அரை, 200. அவள் உடம்பு தன் எடையைப் போல 200 மடங்கு விசையைச் சந்திக்கிறது. அவன் கை எவ்வளவு பலமானதாக இருந்தும் அவளுக்குப் பயனில்லை. தரையில் விழுந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்காது. அவன் மேலே பறந்துபோய், அவளோடு சேர்ந்து விழுந்தபடியே இருபது மீட்டரில் மெல்ல வேகம் குறைத்தால் விகிதம் 5 ஆகிவிடும். பிழைத்துக்கொள்வாள். எழுத்தாளர்களே, இதைக் கவனியுங்கள்: அந்த இருபது மீட்டரை ஒரு வரியில் எழுதிவிட்டால் காட்சி உயிர் பெறும்.

குத்து வாங்கிய ஆள் பறக்கும் காட்சிகளில் கோணம்தான் வில்லங்கம். 80 கிலோ ஆள் 30 மீட்டர் தள்ளிப் போய் விழுந்தான் என்றால், 45 பாகையில் போயிருந்தால் விநாடிக்கு 17 மீட்டர் வேகம் போதும். தரைக்கு இணையாக, ஒரு மீட்டர் உயரத்தில் கோடு போட்டது போலப் போயிருந்தால், விழ ஆகும் 0.45 விநாடிக்குள் அந்த 30 மீட்டரைக் கடக்க வேண்டும். வேகம் 66 மீட்டர். ஆற்றல் 15 மடங்கு கூடிவிட்டது. படத்தில் கோணம் தெரியாவிட்டால் இரண்டையும் போட்டு இரண்டுக்கும் இடையில் என்று எழுதுங்கள்.

படி 5: உடைக்கும் காட்சிகள்

அதிகமாக ஊதிப் பெருக்கப்படும் கணக்குகள் இங்கேதான் பிறக்கின்றன. இரண்டு மீட்டர் விட்டமுள்ள கருங்கல் உருண்டையை நாயகன் ஒரே குத்தில் பிளக்கிறான். கனஅளவு 4.2 கன மீட்டர், நிறை 11 டன். கருங்கல்லின் அமுக்க வலிமை, அதாவது நொறுங்காமல் அது தாங்கும் அழுத்தம், சுமார் 200 மெகாபாஸ்கல். அலகுகளைப் பிரித்துப் பார்த்தால் ஒரு மெகாபாஸ்கலும் கன சென்டிமீட்டருக்கு ஒரு ஜூலும் ஒன்றே. உடனே கன சென்டிமீட்டருக்கு 200 ஜூல் என்று பெருக்கி, 200 கிலோ டி.என்.டி. என்று முடித்துவிடுகிறார்கள்.

அலகு பொருந்துகிறது, பொருள் பொருந்தவில்லை. கல் ரப்பர் போல அமுங்கிக்கொண்டே போகாது. நீளத்தில் அரை சதவீதம்கூட அமுங்குவதற்குள் நொறுங்கிவிடும். அந்தச் சிறு அமுக்கத்துக்கு ஆகும் ஆற்றல் கன சென்டிமீட்டருக்கு ஒரு ஜூலுக்கும் கீழே. கல் குவாரியைச் சாட்சிக்கு அழைக்கலாம். கடினப் பாறையில் ஒரு கன மீட்டரைத் தகர்க்க ஏறக்குறைய அரை கிலோ வெடிமருந்து போதுமாக இருக்கிறது. நம் உருண்டைக்கு இரண்டு கிலோ. 200 எங்கே, 2 எங்கே!

ஆனால் கல் துண்டு துண்டாகாமல் மாவாகப் பொடிந்தது என்றால் நிலைமை வேறு. நுண்தூளாக அரைக்கும் ஆலைகளில் ஒரு டன் தாதுவுக்கு 10 முதல் 20 கிலோவாட் மணி மின்சாரம் ஆகிறது. கணக்கிட்டால் கன சென்டிமீட்டருக்கு 100 முதல் 200 ஜூல்வரை வரும். ஆகவே சிதறிய துண்டுகளின் அளவைப் பாருங்கள். தலையளவு துண்டுகள் என்றால் குவாரிக் கணக்கு, புகை மண்டலமாகத் தூள் என்றால் ஆலைக் கணக்கு. துண்டுகள் பறந்த வேகத்துக்கான இயக்க ஆற்றலைத் தனியாகக் கூட்டுங்கள்.

சுவரில் ஓட்டை போடுவது ஆற்றலைவிட விசையின் கணக்கு. 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் சுவரில் ஒரு மீட்டர் விட்டத்துக்கு வட்டமாகப் பெயர்ந்து விழுந்தால், வெட்டுப்பட்ட விளிம்பின் பரப்பு 0.47 சதுர மீட்டர். அதை வெட்டு வலிமையால், 3 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம், பெருக்குங்கள்: சுமார் 14 லட்சம் நியூட்டன். கம்பி போட்ட கான்கிரீட் என்றால் கூடும்.

இரும்புக் கம்பியை வளைப்பது பார்க்கத்தான் பிரமாதம். 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள சாதாரண எஃகுக் கம்பியை முழங்காலில் வைத்து, இரு பக்கமும் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து வளைக்க, ஒவ்வொரு கைக்கும் சுமார் 1,100 நியூட்டன் ஆகும். நல்ல பளுதூக்கும் வீரருக்கு எட்டாத எண் இல்லை.

கோளைப் பிளக்கும் காட்சிக்குப் பாறையின் வலிமையை மறந்துவிடுங்கள். அங்கே எதிரி ஈர்ப்பு விசை. பூமியை மீண்டும் ஒன்றுசேராதபடி சிதறடிக்க 2 × 10³² ஜூலுக்கு மேல் வேண்டும். சூரியன் மொத்தமாக ஒரு வாரம் வெளியிடும் ஆற்றல் அது. இந்த அளவுக்கு வந்த பிறகு பலத்தை ஒப்பிடுவதில் எனக்கு ஆர்வம் போய்விடுகிறது, உங்கள் விருப்பம்.

படி 6: காலுக்குக் கீழே பாருங்கள்

கையின் கணக்கோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சுவாரசியமே காலில்தான் தொடங்குகிறது. பலம் கூடினாலும் நாயகனின் நிறை 80 கிலோதானே? கதை வேறு சொல்லாதவரை நியூட்டனின் மூன்றாம் விதி அவனையும் விடாது.

காரை எறிந்தவனின் கால் தரையில் வேரூன்றி இல்லையென்றால், காரின் கிடைமட்ட உந்தத்துக்குச் சமமான உந்தத்தோடு அவன் பின்னால் போவான். வேகம் விநாடிக்கு 360 மீட்டர், ஒலியைவிட வேகம். கார் ஒரு பக்கம் போக, நாயகன் மறுபக்கம் துப்பாக்கிக் குண்டாகப் பறப்பான்.

ரயிலை நிறுத்தும் காட்சி இன்னும் வேடிக்கை. 400 டன் ரயில், விநாடிக்கு 20 மீட்டர் வேகம், இன்ஜின் அணைந்துவிட்டது. இயக்க ஆற்றல் 8 கோடி ஜூல். 80 கிலோ ஆளின் பாதத்துக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு அதிகபட்சம் 550 நியூட்டன் அளவில்தான் இருக்கும். அந்த உராய்வை மட்டும் நம்பி நிறுத்தினால் ரயில் அவனை 145 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போகும். உண்மையில் அவ்வளவு தூரம் போகாது. சக்கரங்களின் உருள் தடையே சில ஆயிரம் நியூட்டன், நாயகனின் பங்களிப்பைவிடப் பல மடங்கு. அவன் ஒதுங்கி நின்றிருந்தாலும் ரயில் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றிருக்கும்! தண்டவாளக் கட்டைகளைப் பெயர்த்துக்கொண்டு கால்கள் தரையில் உழுதுகொண்டே போவதாகக் காட்டியிருந்தால் மட்டும் கணக்கு தப்பிக்கும். நூறு மீட்டரில் நின்றது என்றால் 8 லட்சம் நியூட்டன்.

அழுத்தத்தையும் பாருங்கள். விசையைத் தொடும் பரப்பால் வகுக்க வேண்டும். தாவலின்போது 95,000 நியூட்டன் இரண்டு பாதங்களின் 400 சதுர சென்டிமீட்டரில் இறங்கினால் 2.4 மெகாபாஸ்கல். சாதாரணக் கான்கிரீட் 20 முதல் 40 தாங்கும், எனவே தடித்த கான்கிரீட் தளம் நொறுங்க வேண்டிய அவசியமில்லை. மண் தரை 0.2-ஐத் தாங்கினாலே அதிகம். அங்கே குழி விழாவிட்டால்தான் ஆச்சரியம். பத்தாயிரம் டன் கப்பலை இரண்டு உள்ளங்கையால் தூக்கினால் 3,000 மெகாபாஸ்கலுக்கு மேல். கப்பல் எஃகு 250-லிருந்தே வளையத் தொடங்கும். கப்பல் உயராது, கை உள்ளே போய்விடும்.

ராட்சத உருவங்களுக்கு ஒரு சொல். உயரம் 10 மடங்கானால் எடை 1,000 மடங்கு, எலும்பின் குறுக்குவெட்டு 100 மடங்கு மட்டும். 1638-இலேயே கலிலியோ இதை எழுதி அச்சிட்டுவிட்டார். ராட்சதன் நிமிர்ந்து நிற்பதே முதல் சாகசம்.

படி 7: விடையை எழுதும் விதம்

4,24,667 நியூட்டன் என்று எழுதாதீர்கள். காரின் நிறையே ஊகம் என்னும்போது கடைசி இலக்கங்களுக்கு என்ன மரியாதை? குறைந்தபட்சம், அதிகபட்சம், உங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றும் நடு எண் என மூன்றும் கொடுங்கள். எடுத்துக்காட்டுக்கு: "கார் எறிதல். நிறை 1,000 முதல் 1,500 கிலோ, தூரம் 80 முதல் 100 மீட்டர், கை வீச்சு 1.5 முதல் 3 மீட்டர். விசை 1.3 லட்சம் முதல் 4.9 லட்சம் நியூட்டன், நடு மதிப்பு 2.5 லட்சம். கால் ஊன்றிய விதம் காட்டப்படவில்லை." படிப்பவர் எந்த ஊகத்தை ஏற்கவில்லையோ அதை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்க்க முடியும்.

மனித தசையால் இது முடியுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தசை, குறுக்குவெட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 25 முதல் 30 நியூட்டன்வரை இழுக்கும். 2.5 லட்சம் நியூட்டனுக்கு ஏறக்குறைய 0.8 முதல் ஒரு சதுர மீட்டர் தசை வேண்டும். கையில் அதற்கு இடமில்லை. எனவே அவன் தசை நம் தசை போன்றதில்லை என்று கதை ஒத்துக்கொண்டாக வேண்டும்.

இரண்டு விஷயங்களைச் செய்ய வேண்டாம். ஓட்ட வேகத்திலிருந்து வந்த ஆற்றலை அப்படியே குத்துக்கு மாற்றாதீர்கள். வேகமாக ஓடுகிறவன் அந்த வேகத்தில்தான் குத்துகிறான் என்று காட்சி சொன்னாலொழிய அது வேறு கணக்கு. இவன் அவனை அடித்தான், அவன் மலையை உடைத்தான், ஆகவே இவனும் மலையை உடைப்பான் என்ற சங்கிலியும் வேண்டாம். ஒவ்வொரு கண்ணியிலும் பிழை பெருகிக்கொண்டே போகும்.

ஒரே பாத்திரத்துக்கு ஐந்தாறு காட்சிகளைப் போட்டுப் பார்த்தால் எண்கள் ஆயிரம் மடங்குகூட வேறுபடும். பெரும்பாலான காட்சிகள் ஒரு பக்கம் கூடி, ஒன்று மட்டும் வெகுதூரம் விலகி நின்றால், அந்த ஒன்றின் குட்டித் தூரத்தை முதலில் மறுபடி அளந்து பாருங்கள். பிறகு கோணம், அதன்பின் நிறை. அப்போதும் விலகியே நின்றால் அதைத் தனியாகக் குறித்துவைத்துவிட்டு மற்றவற்றின் வரம்பை மட்டும் கொடுங்கள்.